மூடாத கண்கள்

தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுநீர்த் தொட்டி வாயருகே எப்சிபா சாப்பாட்டுக் கூடையோடு நிற்கிறாள். அடைப்பெடுக்க அவள் கணவன் சாலமோன் உள்ளே இறங்கிக் கால்மணி நேரமாகிறது. உச்சிவெயிலில் சுண்ணாம்பும் அழுகலும் கலந்த நெடி கண்ணைக் கரிக்கிறது. சுவராணியில் அவன் சட்டை தொங்குகிறது. அதன் பையில், புத்தாண்டு ஆராதனையில் அவனுக்கு வந்த, வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை. தினமும் காலையில் அவள்தான் அதை வைத்து அனுப்புகிறாள். சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவான் என்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை, உடன் வேலை செய்யும் அன்பரசன் கையில். இவ்வளவு நேரமும் உள்ளிருந்து அதைச் சுண்டிச் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தவன் இப்போது இழுக்கவில்லை. அன்பரசனும் அவளும் சேர்ந்து இழுத்தும் கயிறு வரவில்லை. ஆள் கூட்டிவர வாட்ச்மேன் ஓடியிருக்கிறார். “அண்ணே, கொரல் குடுண்ணே!” தொட்டிக்குள்ளிருந்து அன்பரசனின் குரல்தான் திரும்பி வருகிறது. “ஜெபம் பண்ணுக்கா. உங்க சாமி கேக்கும்,” என்கிறான். அவள் முந்தானையைத் தலைக்கு இழுக்கிறாள். ஜெபத்தில் கண்ணைத் திறந்ததற்காக மகளை எத்தனை முறை கிள்ளியிருப்பாள்! இப்போது அந்தக் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை. ‘கர்த்தாவே’ என்பதற்குமேல் வார்த்தையும் வரவில்லை. நிமிர்கிறாள். நெற்றித் திருநீறு வியர்வையில் வழிய, கயிற்றை விடாமல், அன்பரசன் கண்களை இறுக மூடியிருக்கிறான்.