கண்ணுக்காரன் முடித்த வேலை

மலைக்குகைக்குள்ளே வெயில் எட்டாத குளம் ஒன்று. அங்கே இருக்கிற மீனுக்கெல்லாம் கண்ணே கிடையாது. கண் செய்ய ஆள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கண் செய்ய ஒருத்தன், வாய் செய்ய ஒருத்தன் என்று வேலையாட்கள் உண்டு.

கண்ணுக்காரன் ஆசை ஆசையாய்க் குழி தோண்டி, அதிலே மணியும் உருட்டி வைப்பான். அதற்குள் வாய்க்காரன் வந்து நிற்பான்.

"போதும், நிறுத்துப்பா! இருட்டுல தடவித் தின்னுற பிள்ளைக்கு வாய்தான் பெரிசா வேணும். உன் மணி எதைப் பாக்கப் போகுது?"

கண்ணுக்காரன் மணியைக் கரைத்துக் கொடுத்துவிட்டு ஓரமாய் உட்காருவான். செதிலும் செட்டையும் செய்கிறவர்கள் ஆரவாரமாய் இருப்பார்கள். இவனிடம் யாரும் பேசமாட்டார்கள். ஆயிரம் தலைமுறையாக அவன் ஒரு கண்ணைக்கூட முடித்ததில்லை.

ஒரு ஐப்பசி வெள்ளம் ஆற்றுமீன் ஒன்றைக் குகைக்குள் தள்ளிவிட்டது. அது குகைமீன் ஒன்றோடு சோடி சேர்ந்தது. அவை இட்ட முட்டைக்குள், தகப்பனான ஆற்றுமீன் வழியில் இன்னொரு கண்ணுக்காரன் வந்தான்.

"என்னண்ணே, சும்மா உக்காந்திருக்க?"

"எப்படியும் நிறுத்தச் சொல்லிருவான், தம்பி."

"எங்க ஆத்துல யாரும் அப்படிச் சொன்னதில்லையே. வா, தோண்டு."

வாய்க்காரன் கத்தக் கத்த, இரண்டு பேருமாய் இரண்டு கண்ணையும் முடித்துவிட்டார்கள். குஞ்சு பொரிந்து கண்ணைத் திறந்தது.

"என்னய்யா தெரியுது?" என்று வாய்க்காரன் சிரித்தான்.

கண்ணுக்காரன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இருட்டு தெரியுது," என்றான். "இத்தனை காலமும் அதுகூடத் தெரியலையே!"