மூன்றாம் மாடி விளக்கு

ஆள் நடமாடினால் எரிந்து, இல்லாவிட்டால் தானாக அணைந்துவிடும் விளக்குகளை எல்லா மாடிக் காரிடாரிலும் மாட்டி முடிப்பதற்குள் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குத் தாவு தீர்ந்துவிட்டது. அப்படியும் கரண்ட் பில் இறங்குவேனா என்றது.

"மூணாவது மாடி லைட்டு எந்நேரமும் எரியுது சார். லைட்டுல ஒரு கோளாறும் இல்ல," என்று கையை விரித்தார் எலக்ட்ரீஷியன்.

"அப்போ எவனோ வேணும்னே பண்றான். நான் குடியிருக்கிற மாடியிலேயே எனக்கு ஆப்பு!"

செயலாளருக்கு ரத்தம் கொதித்தது. எதிர்வீட்டு டீச்சரைப் பிடித்தார்.

"படிக்கட்டுப் பக்கம் யாராவது வேலைவெட்டி இல்லாம நிக்கிறாங்களாம்மா?"

"யாரும் இல்லையே சார். உங்க மாமனார்தான் உக்காந்திருப்பாரு. தங்கமான மனுஷன்! யார் வந்தாலும் கையை ஆட்டுவாரு. நீங்கதான் எதிர்ல வந்தாக்கூட சிரிக்க மாட்டீங்க."

கடுப்போடு கடுப்பாக இது வேறா?

அன்று வேலை முடிந்து வந்தவர் லிஃப்டை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி படியேறினார். மூன்றாம் மாடி விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே படியில் மாமனார், மடியில் செய்தித்தாள். தலையை நிமிர்த்தாமலே கையை உயர்த்தி ஆட்டினார்.

வேறு வழியில்லாமல் செயலாளரும் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

"உங்களுக்கு இல்ல மாப்பிள்ளை, லைட்டுக்கு," என்றார் மாமனார். "வீட்டுல ஒரு பக்கம் படிக்கிறதுக்குள்ள நீங்க வந்து அணைச்சிடுறீங்க. இது பரவாயில்ல, கையை ஆட்டினா மரியாதை குடுக்குது."