சோளக்காட்டுச் சங்கம்

கழிவறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கொட்வின் முழந்தாளிட்டு, கொமட்டுக்கு மேல் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"ஐயோ மாதாவே! குடிச்சுப்போட்டுச் சத்தி எடுக்கிறான்!" செல்வமலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரே மகன் அமெரிக்காவிலிருந்து லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டுக்கு விடுமுறையில் வந்து இன்னும் ஒருநாள் முழுதாக ஆகவில்லை.

கொட்வின் நிமிர்ந்தான். கையில் பிரஷ் இருந்தது.

"சத்தி இல்லையம்மா, கழுவுறன்."

இதைக் கேட்டதும் செல்வமலருக்கு அழுகை கூடியது.

சத்தம் கேட்டு பெனடிக்ற் சோபாவிலிருந்து எழும்பி வந்தார். தேத்தண்ணி குடித்த மக்கை சோபாக் கையிலேயே விட்டுவிட்டு வந்தார். அது தானாக நடந்து குசினிக்குப் போய்விடும் என்பது கலியாணம் கட்டிய நாள் முதல் அவருடைய நம்பிக்கை.

"ஆரடா உனக்கு உந்த வேலையைப் பழக்கினது?"

"எங்கட பிரற்றேர்னிற்றிதான் அப்பா. மாணவர் சங்கம். புதுசாச் சேருற பெடியள் ஒரு தவணை முழுக்க வீட்டுவேலை செய்யோணும். சீனியர் வந்து விரலால தடவிப் பாப்பான்."

பெனடிக்றுக்கு மானம் போனது. ஊரில் கெட்டிக்காரன்தான் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு எடுபடுவான், புள்ளி காணாதவன் தனியாருக்குப் போவான். அந்தக் கணக்கை அப்படியே அமெரிக்காவுக்கும் போட்டு, "என்ர மகன் ஸ்டேட் யூனிவர்சிற்றி!" என்று ஸ்ட்ரெதம் கோயில் வாசலில் பூசை முடிந்ததும் முழங்கி வந்தவர் அவர். அங்கே விண்ணப்பிக்கிறவர்களில் அநேகமானோரை எடுத்துவிடுவார்கள் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

"சங்கமாம் சங்கம்! மூண்டு கிரேக்க எழுத்து, ஒரு இரகசியச் சத்தியம், ஒரு பாட்டு. விசரன்கள்!" என்றார் ஊர்ப் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைத் தலைவரான பெனடிக்ற். அவருடைய சங்கத்தில் அப்படியொன்றும் கிடையாது. ஒரு கழுத்துப்பட்டி, ஒரு பாட்டு, வருடாந்த விருந்து, விருந்து முடிவில் வருடாந்தச் சண்டை, அவ்வளவுதான்.

"விலகு. இண்டைக்கே எழுதிப் போடு."

"விலகினா எங்கயப்பா இருக்கிறது? சோளக்காட்டுக்கு நடுவில விவசாயக் கல்லூரியாத் தொடங்கினது, இப்ப ஐம்பதினாயிரம் பேர் படிக்கினம். பிள்ளையள் பெருகின வேகத்துக்கு அறை கட்டேல்ல. சங்க வீடுதான் எனக்குப் படுக்க இடம்."

"அப்ப நீ திரும்பிப் போகவே வேண்டாம்! இஞ்சயே ஏதும் படி."

கொட்வினின் முகம் கறுத்தது. தனிப்பிள்ளையாக வளர்ந்தவனுக்கு முதன்முறையாகக் கூட்டாளிகள் கிடைத்த வீடு அது. கெஞ்சுகிற மாதிரி அம்மாவைப் பார்த்தான். அம்மாவின் சொல்லுக்கு மட்டும் அப்பா சில வேளைகளில் இறங்குவார்.

செல்வமலர் விம்மலுக்கிடையில் கேட்டாள். "சாப்பிட்ட கோப்பையும் கழுவோணுமோ தம்பி?"

"ஓமம்மா. சட்டி பானையும்."

"அடுப்பு?"

"அடுப்பும் துடைக்கோணும்."

"உடுப்பு மடிக்கவும் விடுவினமோ?"

"ஓம். சீனியரின்ர உடுப்பையும் சேத்து."

அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"பாத்தியோ, பெத்த வயிறு பத்தி எரியுது!" பெனடிக்ற் வென்றுவிட்டார். "ஒரு தண்ணிக் கிளாஸ் எடுக்க விட்டிருப்பாளோ உன்னை? நீயே சொல்லு செல்வம். இவன் உந்தச் சங்கத்துக்குத் திரும்பிப் போறதோ?"

செல்வமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கழிவறையை எட்டிப் பார்த்தாள். கொமட் வெள்ளை வெளேரென்று மின்னியது. பிறகு சோபாக் கையில் காய்ந்துகொண்டிருந்த மக்கைப் பார்த்தாள். கடைசியாகக் கணவரைப் பார்த்தாள்.

"தம்பி, நீ போகேக்க உன்ர அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் உந்தச் சங்கத்தில சேர்த்துவிடு."