கருநீலக் கோட்டு

கருநீலக் கோட்டும் ஏலத்துக்குத்தான் போகணும் என்று நான்தான் அடம்பிடித்தேன்.

தையல்காரர் இறந்துபோய், அவரிடமிருந்து பாக்கி வரவேண்டிய நாங்கள் எல்லாம் அவர் கடையில் கூடியிருந்தோம். கட்டடத்துக்குச் சொந்தக்காரர், துணிக்கடைக்காரர், நூலும் பட்டனும் கடனுக்குக் கொடுத்தே ஓட்டாண்டியான நான்.

வக்கீலம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். விற்றுக் கடன் அடைக்க வேண்டியது ஒரு பக்கம், அடுத்தவர் தைக்கக் கொடுத்தது இன்னொரு பக்கம்.

தையல் மிஷின் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். நாலு காசு தேறக்கூடியது அந்தக் கம்பளிக் கோட்டு ஒன்றுதான்.

அதைப் போய் தையல்காரரின் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, தன்னுடையது என்றார். தன் சம்பளத்தில் துணி வாங்கிக் கொடுத்தாராம். மனுஷன் நாளைக்கு, நாளைக்கு என்றே இழுத்தடித்தாராம்.

ஊருக்கே நாளைக்கு என்று சொன்னவர் பெண்டாட்டிக்கு மட்டும் இன்றைக்கு என்பாரா? நம்பத்தான் தோன்றியது. ஆனால் புருஷன் பெண்டாட்டிக்குள் ரசீது ஏது? என் வயிற்றெரிச்சல் எனக்கு.

"போட்டுக் காட்டச் சொல்லுங்க. பொருந்தினா எடுத்துக்கட்டும்," என்றேன்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. துணி கொடுத்தபோது தான் நல்ல பருமன் என்றும், புருஷனுக்கு நோய் கண்ட பிறகு அலைச்சலிலும் கவலையிலும் பாதியாகிவிட்டதாகவும் வக்கீலம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். வரப்போகிற குளிருக்கு அவரிடம் வேறு கோட்டும் கிடையாது.

வேறு வழியில்லாமல், போட்டிருந்த இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றினார். உள்ளே ஆள் குச்சியாக இருந்தார்.

கோட்டைப் போட்டுக்கொண்டார்.

தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. இடுப்பில் ஒரு சுருக்கம் இல்லை. நேற்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

எனக்குச் சந்தேகம் விடவில்லை. கேட்டு வாங்கி, உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

பக்கத் தையலுக்கு வெளியே, பிரித்தெடுத்த பழைய தையலின் ஊசித் துளைகள். அதற்கும் வெளியே இன்னொரு வரிசை. அதற்கும் வெளியே இன்னொன்று.

முடித்து முடித்துப் பிரித்திருக்கிறார் மனுஷன். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உள்ளே பிடித்து. நூலெல்லாம் என் கடை நூல்தான்.

ஆட்சேபணை இல்லை என்று வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டு, துளைகளை அக்காவிடம் காட்டினேன்.

அவர் வெகுநேரம் அவற்றை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"நான் இளைச்சுப்போனது அவருக்குத் தெரியக் கூடாதுன்னுதான், வீட்டுக்குள்ளகூட ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்," என்றார்.