படகில் நின்ற வரிசை

"மேசையச் சுத்தி எட்டு பேரு உக்காந்துருக்கானுவன்னு ஒரு மாசமா படிக்கிறியே அல்லி, அதுல ஒருத்தனாவது எந்திரிச்சு வேலைக்குப் போனானா?"

வாசல் நிழலில் சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டே கேட்டாள் மாமியார் செல்லம்.

அல்லி சிரித்தாள். பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. காரைக்காலிலேயே அரசாங்க எழுத்தர் வேலை. அல்லிக்கு வயது முப்பத்தைந்து. மற்றவர்கள் என்றால் இந்த வயதில் விண்ணப்பமே போட முடியாது. கணவனை இழந்தவள் என்பதால் அவளுக்குச் சலுகை. அதுவும் இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் மாமியாரோடு நெரவி, குரும்பகரம் என்று தெருத்தெருவாக மீன்கூடை சுமக்க வேண்டியதுதான்.

மற்ற பாடமெல்லாம் வந்துவிட்டது. இந்த வரிசைக் கணக்கு ஒன்றுதான் படுத்திக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் பிடிபட்டுவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை. நாலைந்து பேர் வரிசையாக நிற்பார்கள், இல்லை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். யாருக்குப் பக்கத்தில் யார் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் துப்புக் கொடுப்பார்கள். நாம் கட்டம் போட்டு, அவரவரை அவரவர் இடத்தில் நிறுத்த வேண்டும். எல்லாத் துப்பும் பொருந்திவிட்டால் விடை சரி.

புத்தகத்திலிருந்த கணக்கெல்லாம் தீர்ந்துபோனது. சரி, காகிதங்களையாவது எடுத்து வைப்போம் என்று ஃபைலைத் திறந்தாள்.

மேலாக இருந்தது கணவன் கலைவாணனின் இறப்புச் சான்றிதழ். மீன் பிடிக்கப் போன இடத்தில் படகிலிருந்து விழுந்து காணாமல் போனவன். எட்டு வருடமாகிறது. உடல் கிடைக்காததால் ஏழு வருடம் காத்திருந்து, கோர்ட்டுக்குப் போய் வாங்கிய சான்றிதழ்.

அதற்கடியில், அன்று கடலுக்குப் போன நாலு பேரின் வாக்குமூலம். இதுவரை அவளால் அதைப் படிக்க முடிந்ததில்லை. முதல் வரியிலேயே கண் நிறைந்துவிடும்.

இன்று நிறையவில்லை. ஒரு மாதப் பழக்கம், கை தானாகக் கட்டம் போடப் போனது. மேசைக்குப் பதிலாகப் படகு வரைந்துகொண்டாள்.

கோவிந்தராசு: பின்னால் எஞ்சின் பிடித்திருந்தேன். எனக்கு அடுத்து நின்றது வேலாயுதம்.

அஞ்சப்பன்: படகின் முன்முனையில், அணியத்தில் நின்றேன். எனக்கு அடுத்து மதியழகன்.

மதியழகன்: நானும் வேலாயுதமும் தோளோடு தோள் இடிக்க நின்று வலை இழுத்தோம்.

வேலாயுதம்: மதியழகன் சொன்னதுதான்.

கலைவாணன் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது என்று நாலு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள்.

அணியத்திலிருந்து எஞ்சின் வரை நாலு பெயரையும் எழுதினாள். எல்லாத் துப்பும் பொருந்தியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சந்தோஷமாகக்கூட இருந்தது அவளுக்கு.

அப்புறம்தான் கலைவாணனை எங்கே நிறுத்துவது என்று பார்த்தாள்.

அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே நாலு பேர்.

அந்தப் படகில் அவரவருக்கு ஒரு இடம் உண்டு. வீட்டில் படுக்கிற இடம் மாதிரி, அது மாறாது. மதியழகனுக்குப் பக்கத்தில் நின்று வலை இழுக்கிறவன் கலைவாணன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் இடம் அதுதான்.

அங்கே வேலாயுதம் நின்றிருக்கிறார்.

வேலாயுதம் அந்தப் படகு ஆளே இல்லை. யாராவது ஒருவர் வராத அன்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள்.

அப்படியென்றால் அன்று வராதவன் கலைவாணன்.

நாலு பேரும் பேசி வைத்துக்கொண்டு ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நின்ற இடத்தை மாற்றிச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. 'நீ எங்கே நின்றாய்' என்று கேட்டால் கடலுக்குப் போகிறவர்கள் வாயில் நின்ற இடம்தான் வரும்.

நோட்டோடு வாசலுக்கு வந்தாள்.

"அத்தை, அன்னிக்கு போட்டுல எத்தன பேரு போனாங்க?"

செல்லத்துக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு முனை கூராக இருந்த அந்தப் படத்தையும், உள்ளேயிருந்த நாலு கட்டத்தையும் பார்த்தாள். மீனைச் சட்டியில் போட்டாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள்.

"நாலு பேருதான்."

அல்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் விடியக்காலயே ஒருத்தியக் கூட்டிக்கிட்டு பஸ்ஸு ஏறிட்டான். எங்க இருக்கான்னு எனக்கும் தெரியாது. கடல் கொண்டுபோயிட்டுன்னு அந்த நாலு பேரையும் சொல்லச் சொன்னது நாந்தான். புருசன் வுட்டுட்டுப் போனவன்னா இந்த ஊர்ல உனக்கு எவ எரங்குவா?"

அல்லி திரும்பி, உள்ளே திறந்து கிடந்த ஃபைலைப் பார்த்தாள்.

"எதயும் மாத்தி எழுதிப்புடாத அம்மாடி. ஞாயித்துக்கெழம போயி எழுதிட்டு வா."

இவ்வளவுதான் சொன்னாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எட்டு வருடம் முன்பு, காரியத்தன்று, அல்லியின் தாலியை வேறு யாரையும் தொடவிடாமல் செல்லம்தான் கழற்றினாள்.

"இந்தப் பாவம் எங்கையோட போவட்டும்" என்று அப்போது அவள் சொன்னாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும், பெற்ற வயிறு பேசுகிறது என்று அழுதார்கள்.