பூட்டாத அறை

குலசேகரன்பட்டினத்தில் கைதிகளை ஏற்றிக்கொண்ட கப்பல் செவ்வாய்க் கிரகத்துக்குப் பாதி தூரம் வந்திருந்தபோது, பரமகுருவுக்கு விடுதலை வந்தது. மேல்முறையீட்டில் அவன் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பாகியிருந்தது.

காவலர் லூர்துமணி அவன் அறைக்குப் போய்ச் சொன்னார்.

"அப்போ ஊருக்குப் போலாமா, அண்ணாச்சி?"

"கப்பல் திரும்பாதுடே. அங்க எறங்குனாலும் திரும்பி வர கப்பல் கிடையாது. எனக்கும்தான்."

விடுதலையானவனைப் பூட்டி வைக்கக் கூடாது என்பது விதி. அவன் சட்டையிலிருந்த எண்ணைப் பிய்த்தெடுத்துவிட்டு, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனார் லூர்துமணி.

மறுநாள் கைதிகளை எண்ணும்போது பரமகுருவும் பழக்கத்தில் வரிசையில் வந்து நின்றான். அவர் அவனை விட்டுவிட்டு எண்ணினார். பகலெல்லாம் அவன் நடைவழியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். நடக்க அவ்வளவுதான் இடம் இருந்தது.

சாயங்காலம் வரிசையாகப் பூட்டிக்கொண்டு வந்தவர் அவன் அறையைத் தாண்டிப் போனார்.

"அண்ணாச்சி, இதையும் பூட்டிருங்க."

"நீ இப்போ கைதி இல்லடே."

"தெரியும். பூட்டிக் கெடந்தா, பூட்டுனதாலதான் வீட்டுக்குப் போக முடியலைன்னு நெனச்சிட்டுத் தூங்கிருவேன்."

லூர்துமணி திரும்பி வந்தார். கதவைப் பூட்டினார். தன் அறைக்குப் போனதும், என்றுமில்லாமல் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தார்.