கீரை மீட்புப் போராட்டம்

செவ்வந்தி தட்டைத் தள்ளிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஆறு வயசு. சோறு இறங்கும், தயிர் இறங்கும். முருங்கைக்கீரையைக் கண்டால் மட்டும் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ளும்.

கோவிந்தராசுவுக்கு எரிச்சல் வந்தது. பாபநாசம் வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கம் என்றால் அவர்தான். கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியவர். பெரிய பண்ணைகளையே பேச்சுவார்த்தைக்கு இழுத்து வந்தவர். ஒரு கைப்பிடிக் கீரையிடம் தோற்க மனசில்லை.

"செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே, அம்சவல்லி" என்றார் மனைவியிடம்.

அவள், முடிந்தால் நீங்களே சாப்பிட வைத்துப் பாருங்கள் என்பதுபோல் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டாள்.

அவர் தட்டிலோ கீரையே கிடையாது. கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் இருந்தால் போதும். பச்சையாக எது தெரிந்தாலும் ஆடு தின்கிற சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் அவர் பெரியவர். அவரை யார் கேட்பது?

அதட்டிப் பார்த்தார். அழுகை கூடியது. கடைசியில் தனக்குத் தெரிந்த வித்தையைக் கையில் எடுத்தார்.

நில உச்சவரம்பு பற்றி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. தட்டையே ஊராக்கினார். நடுவில் இருக்கும் சோறு பண்ணையார் நிலம். ஓரத்துக் கீரை, அவர் பினாமி பேரில் ஒளித்து வைத்திருக்கும் நிலம். நாம் ரெண்டு பேரும் சங்கம். உள்ளே புகுந்து அதை மீட்க வேண்டும். அப்பளத் துண்டு ஒன்றைக் கொடியாகச் சோற்றில் நட்டார்.

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"தலைவர்தானே முன்னால போகணும்? நீங்க போங்கப்பா."

எந்தப் பொதுக்கூட்டத்திலும் அவரை இப்படி யாரும் மடக்கியதில்லை. வேறு வழியில்லாமல் ஒரு வாய்க் கீரையை உள்ளே தள்ளினார். போலீஸ் தடியடியில்கூட அந்த முகம் அப்படிக் கோணியதில்லை. மகள் கைதட்டிவிட்டு, விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு நக்கினாள்.

அதிலிருந்து தினமும் போராட்டம்தான். கத்தரிக்காய், புடலங்காய், வாழைப்பூ என்று வயல் வயலாக மீட்டார்கள். பேரம் பேசுவதில் பெண் படு கறார். அப்பா ரெண்டு வாய் சாப்பிட்டால் அவள் ஒரு வாய் என்று ஒப்பந்தம் போட்டாள். மிராசுதார்களை மடக்கியவர் அதற்குத் தலையாட்டினார். பாகற்காய் வந்த அன்று வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

டீக்கடையில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளைகளை அடிக்கக் கூடாது, விளையாட்டுக் காட்டித்தான் காய்கறி தின்ன வைக்க வேண்டும் என்று சங்கத்து ஆட்களுக்குப் பாடமே நடத்தினார்.

ஒருநாள் பண்ணையார் பேச்சுவார்த்தைக்கு வராமல் டிமிக்கி கொடுத்துவிட்டதால் மத்தியானமே வீடு திரும்பினார். கொல்லைப் பக்கமாக நுழைந்தவர் அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

செவ்வந்தி பாகற்காய்ப் பொரியல் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வழித்து வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். அம்சவல்லி பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவுக்குக் கொஞ்சம் மிச்சம் வைடி என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் ரெண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். இனி மறைத்துப் பயனில்லை என்று அம்சவல்லிதான் வாயைத் திறந்தாள்.

"மன்னார்குடிக் கூட்டத்துல மயங்கி விழுந்தீங்கள்ல. உடம்புல ரத்தமே இல்ல, கீரையும் காயும் உள்ள போகணும்னு டாக்டர் சொன்னாரு. நான் சொன்னா நீங்க கேப்பீங்களா? இவளுக்குன்னா எதையும் செய்வீங்க. அதான் இவளை அழச் சொன்னேன்."

கோவிந்தராசுவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மகளைப் பார்த்தார்.

அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு வாழைத்தண்டுப்பா. நான் இன்னும் சத்தமா அழுவேன். நீங்க பயப்படாம சாப்பிட்டுடுங்க."